ஏப்ரன் கயிறு கட்டும் நேரம்

மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "சொந்தமாகச் சிந்திக்கும் திறன் இன்னும் வளரவில்லை; எப்போதும் மேற்பார்வை தேவை." பல்கலைக்கழக அலுவலகத்தின் கவுண்டர் முன்னால், பின்னே நான்கு பேர் வரிசையில் நிற்க, அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கத் தேவைப்படவில்லை. மனப்பாடமாகிவிட்டிருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பாட வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவம். அது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு வேலையைத் தெரியாதவர் அதைத் தெரிந்துகொள்ள எத்தனை படி ஏற வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்தப் படிகளைக் கணினியில் காட்சியாகவும் கேள்வியாகவும் அமைப்பதுதான் தன் தொழில் என்று ஒருநாள் பொறுமையாக விளக்கினாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "நான் படியேற முடியாதவங்களுக்கு லிஃப்ட் மாட்டுறேன். நீ எல்லாரையும் படியில ஏத்துறேங்கிற. என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடாதே," என்றான். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

படிப்பு முடிய வேண்டுமென்றால் பதினாறு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். அவளுக்குக் கிடைத்தது, மற்ற நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடங்கள் செய்துகொடுக்கும் ஒரு அலுவலகம். ஐந்தாவது மாடி, நீளமான ஒரே அறை, ஜன்னலோரம் ஊழியர்கள், பிரிண்டருக்குப் பக்கத்தில் மாணவர்கள். பிரிவின் தலைவி நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண். யாரையும் அதட்ட மாட்டார். திட்டும்போதுகூடக் குரல் வழுக்கிக்கொண்டு வரும். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் பட்டு.

பட்டுவுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் மூன்று வாரத்தில் அவள் கற்றுக்கொண்டது இரண்டு வருட வகுப்பில் கற்றதைவிட அதிகம். ஒருநாள் அவள் எழுதிய கேள்வித்தாளை எடுத்துப் பட்டு பென்சிலால் பாதிக்கு மேல் அடித்தார்.

"சரியான விடையை எவன் வேணா எழுதுவான்மா. தப்பான விடையை எழுதுறதுலதான் நம்ம தொழிலே இருக்கு. ஒவ்வொரு தப்புக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கான். அவன் ஏன் அப்படி நினைச்சான்னு உனக்குத் தெரியணும். தெரியலைன்னா எழுதாதே."

அவள் அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தாள். அந்த நாட்களில் பட்டு மேடம் என்றால் அவளுக்கு உயிர்.

நான்காவது வாரம் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் வேலை வந்தது. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கிக் கொடுக்கும் பிரிவு அது. அங்கே புதிதாகச் சேர்கிறவர்கள் கையைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். முந்தைய வருடம் மட்டும் பதினான்கு பேர். அவர்களுக்கு ஒரு பயிற்சிப் பாடம் வேண்டும். பட்டு அவளை, ஒரு மூன்று மணிநேரம் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். அவள் பதினோரு நாள் போனாள்.

மருத்துவமனைக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீண்ட அறை. சுவரோரம் ஆளுயரத்துக்கு நான்கு நீராவி இயந்திரங்கள். சோப்பும் சூடான இரும்பும் கலந்த வாசனை. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அவள் அதற்கு முன்பே போய் மூலையில் நிற்பாள். முதல் இரண்டு நாள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலிடம் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் அவள் கையுறை போட்டுக்கொண்டு தட்டுகளை அடுக்க உதவியபோதுதான் பேச்சு வந்தது. அங்கே எல்லாரையும்விடச் சுறுசுறுப்பானவள், அவள் வயதே இருக்கும் ஒருத்தி. கைக்கடிகாரம் இல்லாமலே நிமிடம் தவறாமல் நேரம் சொல்வாள் என்பதால் அவளைக் கடிகாரம் என்று கூப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அவள் கண்ணில் அது பட்டது. இயந்திரத்தின் பச்சை விளக்கு எரிந்ததும் புதியவர்கள் நேராகக் கைப்பிடியைப் பிடிக்கிறார்கள். பழையவர்கள் எல்லாரும், ஒருவர் விடாமல், முதலில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஏப்ரன் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கதவு.

கடிகாரத்திடம் கேட்டாள். "அப்படியா பண்றோம்?" என்று கடிகாரமே ஆச்சரியப்பட்டாள். பிறகு யோசித்துச் சொன்னாள். பச்சை விளக்கு கொஞ்சம் முந்திக்கொள்ளும். உள்ளே இன்னும் ஆவி மிச்சம் இருக்கும். பின்பக்கக் குழாயில் இரண்டாவது முறை 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு திறந்தால்தான் கைக்கு ஆபத்தில்லை. கயிறு கட்டி முடிக்கவும் அந்தச் சத்தம் வரவும் சரியாக இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சுட்டுக்கொண்டவர்கள் கையைக் கட்டிப்போட ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் இதை அப்படியே பாடத்தில் எழுதினாள். மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பச்சை விளக்கு பொய் சொல்கிறது என்று எழுதினால் தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரேயடியாக நின்றுவிட்டார். இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தாள். கடைசியில் காரணத்தை வெட்டினாள். ஆனால் செயலை விட்டுவைத்தாள். கதவு திறக்கும் ஏழு காட்சியிலும், பச்சை விளக்கு எரிந்ததும் திரையில் இருக்கும் தொழிலாளி நிதானமாக ஏப்ரன் கயிற்றைக் கட்டினாள். ஏன் என்று எங்கும் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் பார்த்தபடியே செய்வார்கள் என்று நம்பினாள். காரணம் அவள் குறிப்பேட்டில் மட்டும் இருந்தது.

பட்டு பாடத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தார். "அழகா இருக்குமா," என்றார்.

பதினைந்தாவது வாரம் பாடத்தின் முகப்புப் பக்கத்தில் 'பாட வடிவமைப்பு' என்ற இடத்தில் பட்டுவின் பெயர் மட்டும் இருந்தது. அவள் கேட்டாள். மாணவி செய்தது என்று தெரிந்தால் வாடிக்கையாளர் மட்டமாக நினைப்பார் என்று பட்டு வழவழவென்று விளக்கினார். கடைசியில் அவள் தோளில் கைவைத்து, "உன் மதிப்பீட்டுல நான் பார்த்துக்கறேன்," என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் அந்த ஒரு வரி.

ஏன் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. வேலையை எடுத்துக்கொண்டது சரி, பேரையும் ஏன் கெடுக்க வேண்டும்? மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள், பதில் இல்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டாள். நிறுவனம் எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது, பாடத்தை வெளியே காட்ட மாட்டேன் என்று நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வருடம் அடித்தளத்தில் ஒரு கைகூடச் சுடவில்லை. பாடத்துக்குத் துறையின் பெரிய விருது கிடைத்தது. பட்டு மேடையில் பேசிய படம் எல்லா இடத்திலும் வந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எங்களுக்கு இந்தத் தரத்தில் வேலை வேண்டும் என்று சொல்லித் திரையில் ஒரு மாதிரியை ஓடவிட்டார்கள். நீராவி இயந்திரம். பச்சை விளக்கு. கயிறு கட்டும் பெண். இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"இதை நான்தான் செஞ்சேன்," என்றாள் அவள்.

நடுவில் இருந்தவர் முன்னாலிருந்த மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இருவரும் நாகரிகமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று அவளுக்கு விளங்கியது. அவள் எப்போதாவது வாயைத் திறந்தால் யாரும் நம்பக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது.

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலே நடந்ததைச் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட அண்ணன், அந்தக் கட்டடத்து லிஃப்ட் தன் கம்பெனிதான் பார்க்கிறது என்றும், அந்த அம்மா ஏறும் நேரம் மட்டும் தெரிந்தால் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அரைநாள் உட்காரவைக்கலாம் என்றும் யோசனை சொன்னான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்ணா. அரைநாள் பத்தாது," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. ஒன்றரை வருடம் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில், புதியவர்களுக்கு ஹெட்செட் மாட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மருத்துவமனைக் குழுமம் தனக்கென ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்குவதாக விளம்பரம் வந்தபோது விண்ணப்பித்தாள். அங்கே யாரும் படிவத்தைக் கேட்கவில்லை. நர்சிங் கண்காணிப்பாளர் அவளைக் கூட்டிக்கொண்டு அடித்தளத்துக்குப் போனார். கடிகாரம் இயந்திரத்தின் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்து, "மூலையில நின்ன பொண்ணுதானே?" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

ஆறு வருடத்தில் அவள் அந்தப் பிரிவின் பொறுப்பாளர் ஆனாள். புதிய பொறியாளரை வைத்து இயந்திரங்களின் விளக்கைச் சரிசெய்ய வைத்தது முதல் வருடத்திலேயே. நல்ல பெயர், நல்ல நாற்காலி. ஆனாலும் பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த வரி எந்தக் காரணமும் இல்லாமல் வந்து நிற்கும். அவள் அதை விரட்டவில்லை. சோறு போட்டு வளர்த்தாள் என்றே சொல்ல வேண்டும்.

பட்டு இதற்குள் அதே கட்டடத்தின் இன்னொரு மாடியில் சொந்த நிறுவனம் வைத்திருந்தார். ஒரே ஒரு விருதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பேசினார். பாடம் ஏன் வெற்றிபெற்றது என்று அவர் சொல்லும் காரணங்கள் வருடத்துக்கு வருடம் கூடின: மென்மையான நிறங்கள், நிதானமான குரல், பார்ப்பவர் மனத்தை அமைதிப்படுத்தும் அசைவுகள். அவள் ஒவ்வொரு பேச்சையும் தேடிக் கேட்டாள். ஒன்றில்கூட இரண்டாவது 'உஸ்' சத்தம் வரவில்லை. பட்டுவுக்குத் தெரியாது. தான் திருடியதில் விலையுள்ளது எது என்றே தெரியாமல் திருடியிருக்கிறார்.

எட்டாவது வருடம் மருத்துவமனைக் குழுமம் தன் பன்னிரண்டு மருத்துவமனைகளுக்கும் புதிய பயிற்சிப் பாடங்கள் செய்ய ஒரு நிறுவனத்தைத் தேடியது. வந்த விண்ணப்பங்களில் மூன்று தேறின. அதில் ஒன்று பட்டுவுடையது. அட்டையிலேயே ஏப்ரன் கட்டும் பெண்ணின் படம்.

அவள் நேராகக் கண்காணிப்பாளரிடம் போய், இந்த மூவரில் ஒருவரைத் தனக்குத் தெரியும், நல்ல விதமாகத் தெரியாது, அதனால் மதிப்பெண் போட உட்கார மாட்டேன் என்றாள். கேள்விகளை மட்டும் எழுதித் தருவதாகச் சொன்னாள். மூவருக்கும் ஒரே விதி. தாங்கள் முன்பு செய்த பாடம் ஒன்றை அவர்கள் காட்ட வேண்டும். அந்தந்த வேலை செய்யும் தொழிலாளிகளே அதைப் பற்றிக் கேட்பார்கள். கண்காணிப்பாளர் அவளைக் கண்ணாடிக்கு மேலாகச் சற்று நேரம் பார்த்தார். கேள்வி நியாயமாக இருந்தால் சரி என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினாள். முப்பது கேள்வியில் இருபத்தொன்பது எந்தப் பாடத்துக்கும் கேட்கக்கூடியவை. ஒன்று மட்டும் பட்டுவுக்கு. அதற்குச் சரியான விடையை எழுதிவிட்டு, அதன் கீழே நான்கு தப்பான விடைகளை எழுதினாள். பட்டு ஏன் அப்படி நினைப்பார் என்று யோசித்து, அவர் குரலையே காதில் வாங்கி எழுதினாள். நான்காவதை முடித்தபோது தாளைத் தூக்கிப் பிடித்து மறுபடி வாசித்தாள். சந்தோஷத்தில்தான்.

தேர்வு நாள் காலை பத்து மணி. நீள மேஜை. ஒருபக்கம் கண்காணிப்பாளர், கொள்முதல் அதிகாரி, நான்கு தொழிலாளிகள். அவள் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பட்டு உள்ளே வந்து எல்லாருக்கும் வணக்கம் வைத்தார், அவளுக்கும் வைத்தார். அடையாளம் தெரியவில்லை. தலையில் கொஞ்சம் நரை. குரல் மட்டும் அதே வழுக்கல்.

பாடம் ஓடியது. கேள்விகள் வந்தன. பட்டு எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னார். கொள்முதல் அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பதினேழாவது கேள்வி கடிகாரத்திடம் இருந்தது.

"ஏழு காட்சியிலயும் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஏப்ரன் கயிறைக் கட்டுறாங்க. அது எதுக்கு?"

பட்டு புன்னகைத்தார். "நல்ல கேள்வி. அந்த இடத்துல வேலை செய்யறவங்க மனசு ஒரு நொடி நிதானத்துக்கு வரணும்னு நான் யோசிச்சேன். ஒரு சின்ன இடைவெளி. அதுக்காக வெச்ச அசைவு."

அவள் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள். இரண்டாவது தப்பான விடை. ஏறத்தாழ வார்த்தைக்கு வார்த்தை.

கடிகாரம் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவருக்குச் சிரிப்பு வந்து குனிந்துகொண்டார்.

"மனசுக்கு இல்லைங்க. கைக்கு," என்றாள் கடிகாரம். பச்சை விளக்கையும் மிச்ச ஆவியையும் இரண்டாவது சத்தத்தையும் நான்கே வாக்கியத்தில் சொன்னாள். ஒரு வருடத்துக்குப் பதினான்கு கை சுட்டது நின்றது அந்தக் கயிற்றால்தான் என்றாள். பிறகு, கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "இதைச் செஞ்ச பொண்ணு எங்ககூடப் பதினோரு நாள் நின்னா. உங்களை நாங்க ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே?"

பட்டு வாயைத் திறந்தார். முதன்முறையாக அந்தக் குரலில் ஒரு பிசிறு. குழுவாகச் செய்த வேலை, மாணவர்கள் சிலர் தகவல் திரட்டினார்கள் என்று ஆரம்பித்தார். கண்காணிப்பாளர் விண்ணப்பத்தைப் புரட்டி, இதில் 'முழுக்க என் சொந்த வடிவமைப்பு' என்று கையெழுத்திட்டிருக்கிறீர்களே என்று மென்மையாகக் கேட்டார். பட்டுவின் கண் ஒவ்வொரு முகமாகத் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்து நின்றது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று.

வராந்தாவில் பட்டு அவளை நிறுத்தினார்.

"நீயா?"

"நானேதான் மேடம்."

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மூணு மெயில். நீங்க பதில் போடலை."

பட்டு சுவரில் சாய்ந்துகொண்டார். "இந்தத் தொழில்ல எல்லா இடத்துலயும் இப்படித்தான். நான் இன்டர்னா இருந்தப்போ எனக்கும் இதையேதான் பண்ணாங்க. நான் யாரையும் பழிவாங்கக் கிளம்பலை."

"நீங்களும் வாங்கினீங்க மேடம். ஆளை மாத்தி வாங்கினீங்க."

அன்று மாலையே வேறொரு நிறுவனம் தேர்வானது. அவள் அதோடு விடவில்லை. அந்தப் பாடம் மருத்துவமனையின் சொத்து. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரும் எங்கும் காட்டக் கூடாது என்று சட்டப் பிரிவிலிருந்து பட்டுவுக்குக் கடிதம் போக வைத்தாள். விருது கொடுத்த சங்கத்துக்குத் தன் குறிப்பேட்டின் பக்கங்களை அனுப்பினாள். பல்கலைக்கழகத்துக்குத் தேதி வாரியாக நான்கு பக்கம் எழுதினாள். இரண்டு மாதத்தில் சங்கம் விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகம் பட்டுவின் நிறுவனத்தை இன்டர்ன்ஷிப் பட்டியலிலிருந்து நீக்கியது. பட்டு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லா இடத்திலும் உன் பெயரைப் போட்டுவிடுகிறேன், இத்தோடு விட்டுவிடு என்றார். குரலில் வழுக்கல் சுத்தமாகப் போயிருந்தது. அவள், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் இனி அந்தப் பாடத்தைக் காட்டி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது, அதுதான் வேண்டும் என்றாள். போனை வைத்ததும் கேன்டீனுக்குப் போய், வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று அடுத்த வாரம் படியேறி வந்தது. பட்டுவிடம் அப்போது நான்கு மாணவர்கள் இருந்தார்கள். பதினாறு வாரத்தில் ஒன்பது முடிந்திருந்தது. பட்டியலிலிருந்து நிறுவனம் போனதும் அந்த ஒன்பது வாரமும் கணக்கில் வராமல் போயிற்று. பல்கலைக்கழகம் அவர்களை அவளிடமே அனுப்பியது. மூவர் பவ்யமாக உட்கார்ந்தார்கள். நான்காவது பெண் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"உங்க சண்டைக்கு எங்க ஒன்பது வாரம் போச்சு. எங்களை யோசிச்சீங்களா?"

"இல்ல," என்றாள் அவள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "யோசிக்கலை. எனக்கு அவங்களை விழவைக்கணும், அவ்வளவுதான் தெரிஞ்சுது."

அந்தப் பெண் மன்னிப்பை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

போன வாரங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி பல்கலைக்கழகத்தோடு ஒரு வாரம் வாதாடி, ஒன்பதில் ஏழு வாரத்தை மீட்டுக்கொடுத்தாள். மீதி வாரங்களுக்கு நால்வரையும் மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொண்டாள். கோபக்காரப் பெண்ணைச் சலவைப் பிரிவுக்கு அனுப்பினாள். அந்தப் பெண் ஒரு மாதத்துக்கு அவளிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அது அந்தப் பெண்ணின் உரிமை என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் செய்த ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அந்தப் பெண் தன் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து, தேதி போட்டு, ஒரு நகலைத் தன் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கும் அனுப்பிவைத்தாள். அவள் அதைக் கவனித்தாள். எதிர்ப்புச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்திருந்தான். பட்டுவின் அலுவலகம் இருந்த மாடி காலியாகிவிட்டதாம். லிஃப்டில் மேஜைகளை ஏற்றி இறக்க இவனைத்தான் கூப்பிட்டார்களாம். கடைசி ஆளாக அந்த அம்மா கையில் ஒரு செடியோடு இறங்கிப் போனதைப் பார்த்தேன், பாவமாகத்தான் இருந்தது என்றான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"இப்பவாவது ஆறிடுச்சா?" என்று கேட்டான்.

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"பாதி ஆறியிருக்குண்ணா," என்றாள். "மீதியை இப்போதைக்கு அப்படியே வெச்சுக்கறேன்."